குழாயோரத்து அரசு

கொழும்பு,
ஞாயிறு

அன்புள்ள நைனாவுக்கு நிலவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

பௌர்ணமி விடுமுறையில் அநுராதபுரம் போயிருந்தேன். வெறுங்காலோடு வெயிலில் நின்றதில் பாதம் கொப்புளித்துவிட்டது. வேலைக்குப் போகிறேன், கவலைப்படாதீர்கள். புத்தர் அமர்ந்த போதிமரத்தின் கிளையை அங்கே நட்டு இரண்டாயிரத்து முந்நூறு வருஷமாகிறதாம். நட்ட காலம் தெரிந்த மரங்களில் உலகத்திலேயே மூத்தது அதுதான் என்கிறார்கள். யாரும் இலை பறிப்பதில்லை. தானாக விழட்டும் என்று காத்திருக்கிறார்கள். என் காலடியிலேயே ஒன்று விழுந்தது. எடுக்கக் கை வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம் எண்ணூர் வீட்டில், பாத்ரூம் குழாயோரம் சுவர் விரிசலில் முளைத்த அரசங்கன்று ஞாபகம் வந்துவிட்டது. அதன் இலையில் படியும் அனல்மின் நிலையக் கரிச்சாம்பலை ஈரத்துணியால் துடைப்பீர்களே! சுவர் வெடித்துவிடும் என்று உங்களைக் கேட்காமல் நான் ஆசிட் ஊற்றினேன். "இன்னாப்பா அவசரம்? பேத்து தொட்டியில வெச்சிருப்பேனே" என்றீர்கள். "இத்தினூண்டு செடிக்கு இன்னா நைனா பேஜாரு" என்று சிரித்தேன். அதற்குப் பிறகு நீங்கள் அதைப் பேசவேயில்லை.

யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் உங்கள் பழைய துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கிய துண்டு வியர்வையை உறிஞ்சமாட்டேன் என்கிறது.

துறைமுக வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அந்த விரிசலை ஒரு தடவை பாருங்கள், நைனா. துளிர் வந்திருந்தால் எழுதுங்கள். வராவிட்டால், அதைப் பற்றி மட்டும் எழுத வேண்டாம்.

நிலவன்