ரோசியின் கல்யாணப் பட்டு

சேலம்,
19 மே 1938

சேசு மரி சூசை துணை.

மேட்டூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை லாசருக்கு, மாமியார் சகாயம்மாள் எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். ரோசி சுகமாக இல்லை. பதினொரு நாளாக என் வீட்டில் இருக்கிறாள். உங்கள் தாயார் அனுப்பிவிட்டார்.

நீங்கள் எடுத்த கல்யாணச் சேலை கிழிந்துவிட்டதாம். உங்கள் தாயாரேதான் அதைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியச் சொல்லி இவளிடம் கொடுத்திருக்கிறார். இவள் முறுக்கியதும் நடுவிலே பிரிந்துவிட்டது. "பட்டைப் பிழியத் தெரியாத கை எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று, பூசை முடிந்து வருகிறவர்கள் பார்க்க, ஈரச் சேலையோடு என் பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டார்.

பத்து வருஷம் பட்டுநூல் முறுக்கிப் பிழைத்தவள் நான். பட்டு அப்படிப் போகாது. கிழிந்த ஓரத்தில் ஓர் இழையை உருவி விளக்கில் காட்டினேன். பட்டென்றால் சுருண்டு, முடி தீய்ந்த நாற்றம் வரும். இது காகிதம்போலக் குப்பென்று எரிந்தது. மரக்கூழில் செய்த நகல் பட்டு. பார்வைக்கு மினுங்கும், நனைந்தால் பலம் போய்விடும். ஊறவைக்காமல் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் போட்டிருந்தால் இன்னும் நாலு வருஷம் உழைத்திருக்கும்.

கடைக்காரன் உங்களை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, உங்கள் தாயாரிடம் நியாயம் கேட்கப் புறப்பட்டேன். ரோசி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியும்மா. கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாரு. அத்தை காதுக்குப் போகக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு" என்று அழுதாள்.

நகல் பட்டு எடுத்ததற்காக நான் கோபப்படவில்லை. முடிந்ததை எடுத்தீர்கள். நூல் சேலை தந்திருந்தாலும் சந்தோஷமாகக் கட்டியிருப்பாள். உங்கள் பொய்யைக் காப்பாற்ற அவள் தெருவில் தலைகுனிந்து நின்றாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே உங்களுக்குக் கார்டு போட்டாள். நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. நீங்கள் ஆண்பிள்ளைதானா என்று கேட்க வாய் வருகிறது.

உங்கள் வீட்டுப் படியேறி உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? சொல்லக்கூடாது என்கிறாள். சொன்னால் உங்கள் முகம் வாடுமாம்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். புதுச் சேலை எதுவும் வேண்டாம். முதலில் உங்கள் தாயார் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு இங்கே வாருங்கள். சோறு ஆக்கி வைத்திருப்பேன். தேவமாதா உங்கள் நாவுக்குத் தைரியம் தரட்டும்.

இப்படிக்கு,
உங்களை இன்னும் மாப்பிள்ளை என்றே அழைக்கும்
சகாயம்மாள்