நோபேட்டின் பக்கத்துக்கு எந்தத் தீம்?

மார்ச் 4, திங்கள்

என் கணவர் நோபேட்டின் வயலின் வகுப்புக்கு இணையத்தளம். சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போன பிறகு, தாய்மார் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மனுசன் நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்தபடி. ஒன்லைனிலாவது ஆட்கள் வரட்டுமே என்று, தளத்துக்குத் தோற்றம் கொடுக்கும் இலவசத் தீம் ஒன்றைப் போட்டேன். வெறும் எழுத்து, இரண்டு பட்டன். “மரண அறிவித்தல் மாதிரி இருக்கும்மா” என்றாள் மகள் சாமினி.

மார்ச் 9, சனி

அவள் சொன்ன பிரீமியம் தீமை வாங்கினேன். மாதிரியில் பனிமலை, பியானோவோடு ஒரு வெள்ளைக்காரி. எங்கள் தளத்தில் ஏற்றினால் சாம்பல் நிறப் பெட்டிகள் மட்டும். படம் போட்டால் நோபேட்டின் தலை வெட்டுப்படுகிறது. எதற்குத்தான் வாங்கினேன்?

மார்ச் 12

தலை வருகிறது. இப்போது தமிழ் எழுத்து உடைகிறது.

மார்ச் 17, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது தம்பி றமேஷ் பிடித்துக்கொண்டான். பம்பலப்பிட்டியில் வெப் டிசைன் செய்கிறவன். ரெடிமேட் தீம் எல்லாம் குப்பையாம். அத்தானுக்கென்றே புதிதாகச் செய்து தருவானாம். எந்த நீலம் வேண்டும் என்று என்னைக் கேட்டான். நீலத்தில் எத்தனை நீலம்!

மார்ச் 25, திங்கள்

றமேஷின் தீம் வந்தது. திரை முழுக்க ஒரு வயலின் சுழல்கிறது. சாமினிக்கு நீலம் பிடிக்கவில்லை. அவளுக்கு ரசனை இல்லை என்கிறான் அவன். என் சாப்பாட்டு மேசையில் சண்டை. போதும், நிப்பாட்டுங்க என்று கத்திவிட்டேன்.

நோபேட் கையை நீட்டி போனைக் கேட்டார். திரையிலுள்ளதைக் குரலில் வாசிக்கும் வசதி அதில் இருக்கிறது. றமேஷுடையதைத் தடவினார். “இமேஜ், இமேஜ், பட்டன்” என்றது போன். பிரீமியத்துக்கு மாற்றிக் கொடுத்தேன்; அதே கதை. கடைசியில் இலவசத் தீம் — அவர் பெயரைச் சொன்னது, வகுப்பு நேரத்தைச் சொன்னது.

“எனக்கே உள்ளுக்குப் போக ஏலாட்டி, அது யாருட பக்கம், டோரின்?”

இவ்வளவு நாளும் எல்லாரையும் கேட்டேன். இவரை மட்டும் ஏன் கேட்கவில்லை?

மார்ச் 27

இலவசத் தீமே. றமேஷ் கோபித்துக்கொண்டு போனை எடுக்கிறானில்லை. எடுக்காமல் இருக்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

வத்தளையிலிருந்து ஒருவர் நோபேட்டின் பக்கத்தில் எழுதியிருந்தார். வங்கியில் வேலையாம். தன் போனால் வாசிக்க முடிந்த வயலின் வகுப்பு இது ஒன்றுதானாம். நோட்ஸைப் பார்க்க முடியாத ஆளுக்குப் படிப்பிப்பீர்களா என்று கேட்டிருந்தார்.

பதில் போட உட்கார்ந்தேன். ஏற்கனவே போயிருந்தது. நோபேட் போனிடம் சொல்லி, தானே அனுப்பியிருக்கிறார்:

“நானும் பாக்கிறதில்ல. செவ்வாய்க்கிழமை தொடங்குவம்.”

முன்னறையில் சுருதி சேர்க்கிறார். மேல்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும்.