காவலாளி நடித்த பாடம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் உன்னைப் படியேற விடமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எனக்குத் துறைத்தலைவர் பதவி கிடைத்துவிட்டது. மீதியையும் படித்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.

கல்லூரியில் நாளைய மேலாளர்களுக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று பீற்றிக்கொள்வேனே, அந்த வகுப்பில் இந்த முறை ஒரு கற்பனைக் கதை கொடுத்தேன். துணிக்கிடங்கு ஒன்று எரிந்துபோகிறது. முதலாளி, கணக்கர், காவலாளி மூவர் மேலும் சந்தேகம். தீ வைத்தது யார்? 'இருக்கிற ஆதாரத்தை வைத்துச் சொல்ல முடியாது' என்பதுதான் சரியான விடை. அவசரப்பட்டுப் பழி போடக்கூடாது என்பது பாடம்.

கதைக்கு உயிர் வரட்டுமே என்று எங்கள் கல்லூரி வாசல் காவலாளியையே கூப்பிட்டு, கதையில் வரும் காவலாளியாக உட்கார வைத்தேன். ஐம்பத்தெட்டு வயது மனிதர். சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு பேரும் அவரைக் குடைந்தெடுத்தார்கள். "தப்பு பண்ணலைன்னா கை ஏன்யா நடுங்குது?" என்றான் ஒருவன். அவருக்கு நரம்புத் தளர்ச்சி. இருபத்தொன்பது பேர் அவர்தான் என்று கை தூக்கினார்கள். பிறகு நான் எழுந்து, நடுக்கம் ஆதாரமாகாது என்று விளக்கினேன். ஒரே கைதட்டல். "நல்லா நடிச்சேனா மேடம்?" என்று அவரும் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகலில், கல்லூரியின் பதிவறை நிஜமாகவே எரிந்தது. வாசலில் அவர் இல்லை. "அன்னைக்கே சொன்னோம்ல" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மாலைக்குள் அது சிரிப்பாக இல்லை.

அக்கா, அந்த நேரத்தில் அவர் பின்வாசலில் என் ஸ்கூட்டரின் பஞ்சரான சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். வகுப்பெடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நழுவுவதற்காக நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது முதல்வர் மேசையில் இருந்தது.

விசாரணையில் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மேடத்தக் கேளுங்க, அவங்க சொல்வாங்க" என்று மட்டும் சொன்னாராம். என்னைக் கேட்டார்கள். அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். போதிய ஆதாரம் இல்லாமல் எதுவும் சொல்ல இயலாது என்றேன். "பாத்தீங்களா, எவ்வளவு நிதானம்!" என்று முதல்வர் மெச்சினார். மறுநாளே காவலாளியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மின்கசிவுதான் காரணம் என்று பிற்பாடு அறிக்கை வந்தது. வேறு யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் படித்தேன். படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக் கட்டினேன்.

சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என் அறைக்கும் வந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வகுப்புல மாதிரியே கடைசியா நீங்க எந்திரிச்சு விளக்கம் சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். தீ வைத்தவர் என்ற பெயரோடு யார் வேலை கொடுப்பார்கள்? முகவரியைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அத்தானிடம் சொல்லி, அவருடைய தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று வாங்கிக் கொடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன். அந்தக் காவலாளி என்றாவது என்னைப் பற்றி விசாரித்தால், உனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
தங்கை