காமிராவுக்காக அம்மா அழுதது

அணுபுரம்
14.9.2008

சிரஞ்சீவி ராகவனுக்கு அப்பா மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நலம். பழக்கதோஷத்தில் ‘நாங்கள்’ என்று எழுதி அடித்திருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பக்கத்து வீட்டு வசுமதி மாமி தினமும் ஒரு குழம்போ ரசமோ கொடுத்துவிடுகிறாள், வேண்டாமென்றால் கோபம் வருகிறது அவளுக்கு. தை மாதம் அம்மாவின் வருஷ திதி. வருவாயா என்று போன ஞாயிறு போனில் கேட்டதற்கு, லீவு பார்த்துச் சொல்கிறேன் என்றாய். அப்போதுதான் அந்த டான்ஸ் போட்டியைக் கம்ப்யூட்டரில் பார்த்ததாகவும், தோற்றுப்போன ஏதோ ஒரு சீரியல் நடிகைக்காக அம்மா இப்படித் தேம்பி அழுதிருக்கிறாளே, டிவி என்றால் அவளுக்கு அத்தனை பைத்தியம் என்றும் சொல்லிச் சிரித்தாய். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அம்மா போவதற்கு முந்தின மாதம் அது. கோவளம் தாண்டி ஒரு பெரிய ஷெட்டில் செட் போட்டிருந்தார்கள். சினிமாக்காரர்களும் சீரியல்காரர்களும் டான்ஸ் மாஸ்டர்களோடு ஜோடி சேர்ந்து வெள்ளைக்காரர்கள் மாதிரி கையைக் கோத்துச் சுழன்று ஆடுகிற போட்டி. கைதட்ட ஆள் வேண்டுமென்று நம் குடியிருப்புக்கு வேன் வந்தது. இன்னா சார், சீக்கிரம் ஏறு, அங்க லைட்டு போட்டுகினு கீறாங்க என்று டிரைவர் சின்னராசு என்னையே விரட்டினான். அம்மா மாம்பழக் கலர் பட்டில் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி கிளம்பினாள். நான் கட்டம் போட்ட சட்டையில் போய் நின்றேன். கட்டம் காமிராவில் நெளியுமாம், என்னைக் கடைசி வரிசைக்குத் துரத்திவிட்டார்கள். அம்மாவும் வசுமதியும் முன்னால் உட்கார்ந்தார்கள். அதனால்தான் எந்தக் காட்சியிலும் அவள் பக்கத்தில் நான் இல்லை.

உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்களின் முகத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வார்களாம். ஜெஸ்ஸி என்று ஒரு பெண், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, இப்போ சிரிங்க, இப்போ கைதட்டுங்க என்று ஆட்டிவைத்தாள். கடைசியில் யாராவது அழ வேண்டும் என்றாள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். யாரைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கோ அவங்கள நெனச்சுக்குங்க ஆன்ட்டி என்றாள் ஜெஸ்ஸி. எதிரே மேடையில் ஒரு ஆள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான், வேறு யாருமே இல்லை. அம்மா அதைப் பார்த்தபடியே அழ ஆரம்பித்தாள். சூப்பர் ஆன்ட்டி, கிடைச்சிடுச்சு, போதும் என்றாள் அந்தப் பெண். அம்மாவால் நிறுத்த முடியவில்லை. வசுமதிதான் வெளியே கூட்டிவந்தாள். நான் பின்னாலேயே ஓடிப்போய், ஒரு டிவிக்காக இப்படியா என்று கத்தினேன். ராகவன நெனச்சேன், அடக்க முடியல என்றாள். நாலு வருஷமாச்சே அவனப் பாத்து என்றாள். அவன்கிட்ட சொல்லிடாதீங்க, அங்க தனியா இருக்கான், கஷ்டப்படுவான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஆட்டம் முடியும்வரை கைதட்டினாள்.

அந்த அழுகையை நடிகை தோற்ற அன்று போட்டார்கள். பிறகும் யார் தோற்றாலும் அதையே போட்டார்கள். ஒவ்வொரு வாரமும் காத்திருந்து பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். போன வாரம் ஃபைனலும் முடிந்துவிட்டது.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே விசா புதுப்பித்துக் கிடைக்காமல், கிளம்பிவர வழியில்லாமல், அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் நீ சிரித்தது தாங்கவில்லை, அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். பொங்கல் சமயத்தில் டிக்கெட் விலை ஏறிவிடும், இப்போதே போட்டுவிடு. மாத்திரையை மறக்காதே. பெருமாள் உன்னைக் கைவிடமாட்டார், தீர்க்காயுசாக இரு. தைக்கு வந்துவிடு ராகவா. திதிக்காக மட்டும் கூப்பிடவில்லை. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷமும் எனக்கும் சேர்த்து இதை அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா
பார்த்தசாரதி