நடுச்சுவரில் ஒரு குழாய்

அன்புத் தங்கைக்கு,

நாம் பேசிக்கொள்வதை நிறுத்தி மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். பழைய பேச்சை எடுக்கப் போவதில்லை. குழாயைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி குளிர். என் சமையலறைக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இருபத்திரண்டு குளிர்காலம் உறையாத குழாய் இந்த வருடம் மட்டும் ஏன் உறைந்தது? வெளிச்சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

குழாய் வேலைக்கு வந்த ஹலினா, நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் கை வைத்தாள்.

"ஐயா, குளிர் வெளியேருந்து வரல, பக்கத்து வீட்டுலேருந்து வருது. அங்க யாரு இருக்காங்க?"

"என் தங்கச்சி. இப்ப மக வீட்டுக்குப் போயிருக்கா."

"ஹீட்டர அணைச்சிட்டுப் போயிருப்பாங்க. இத்தனை வருஷமா அவங்க வீட்டுச் சூடுதான் உங்க குழாயக் காப்பாத்தியிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

குழாயைத் திறந்துவிட்டு, சுவர்ப் பலகையை அறுத்து, ஹேர் டிரையரால் ஒரு மணி நேரம் சூடு காட்டினாள். நல்லவேளை, வெடிக்கவில்லை. தண்ணீர் வந்தது.

எதிர்வீட்டு ஸ்டெஃபாவிடம் நீ கொடுத்துப்போன சாவியை வாங்கி உன் வீட்டுக்குள் போனேன். கோபித்துக்கொள்ளாதே. உன் குழாய்கள் உறையாமலிருக்கத் தண்ணீரை மூடி, அவற்றில் இருந்ததை வடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். ஹீட்டரை மட்டும் பதினைந்து டிகிரியில் வைத்தேன். வெளியே வருமுன் உன் பக்கத்திலிருந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். என் அடுப்புக்குப் பின்னால் வரும் இடம் இளஞ்சூடாக இருந்தது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருடமும் என் வீட்டுச் சூடு உனக்கும் எட்டியதா?

உன் அண்ணன்