கங்காணியின் குடை

வட்டவளை,
மார்ச் 18, 1958

நாலாம் நம்பர் மலைக் கங்காணி அவர்களுக்கு,

உங்க கடுதாசியும் குடையும் வந்துச்சு. வெயில்ல போகாத, தலையில துணி போட்டுக்க, தண்ணி நெறையக் குடின்னு எழுதியிருக்கீங்க. புருசன் மாதிரியே எழுதியிருக்கீங்க.

அன்னைக்குத் தேயிலை மலையில இந்தப் புத்தி எங்க போச்சு? கண்ணு இருட்டுது, செத்த நேரம் நெழல்ல ஒக்காந்துக்கிறேன்னு ஆறு மாச வயித்தோட கெஞ்சினேன். பொண்டாட்டிக்குச் சலுகை காட்டுறான்னு நாலு பேரு பேசிருவாங்கன்னு பயந்து, "கொழுந்த எடுடி"ன்னு கத்துனீங்க. இதே குடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கத்துனீங்க.

நான் விழுந்தப்ப ஓடி வந்தது பக்கத்து நெரையில கொழுந்து எடுத்த காளியாயி அக்கா. தன் போத்தல் தேத்தண்ணிய என் வாயில ஊத்துனா. நீங்க எட்ட நின்னு, வேடிக்கை பாத்தவங்கள வேலைக்கு வெரட்டுனீங்க.

ஆஸ்பத்திரியில நாலு நாள் கிடந்தேன். அங்க என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அதை என் கையால எழுத மாட்டேன்.

என்னைக் கூப்பிட வராதீங்க. குடையைத் திருப்பி அனுப்புறேன். அன்னைக்கு ரெண்டு உயிருக்கு நெழல் கேட்டேன். இப்ப நான் ஒருத்திதான். எங்க ஆத்தா இருக்கிற லயத்து வீட்டுத் தகரக் கூரையே போதும்.

இப்படிக்கு,
உங்க மலையில கொழுந்து எடுத்தவ