படத்தில் மட்டும் இருந்த ஆய்வகம்

மாமா,

இன்று காலை என் மூக்கின் மேல் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது.

கிணத்துக்கடவைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு களம் வருமே, அங்கேதான். பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நம் பல்கலைக்கழகத்தின் பழைய ஃபிளெக்ஸ் ஒன்றை விரித்து, அதன்மேல் பருப்பைப் பரப்பியிருந்தார்கள். ஒரு ஓரத்தில் மைக்ரோஸ்கோப், ஒரு ஓரத்தில் நீலத் தண்ணீர் நிரம்பிய பீக்கர், நடுவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட நான். ஆடிக் காற்றுக்குத் தட்டி கிழியக்கூடாது என்று அங்கங்கே அரைவட்டமாக வெட்டி விடுவார்களே, அந்த ஓட்டைகளில் ஒன்று சரியாக என் கன்னத்தில். ஒரு கோழி என் நெற்றியைக் குறுக்காகக் கடந்துபோனது. பருப்பின் எண்ணெய் வாசம் பேருந்துக்குள் வந்தது. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்து, உங்கள் பெயர்வரைக்கும் போய்விட்டேன். அதன் பிறகுதான் நீங்கள் போன ஐப்பசியிலேயே போய்விட்டது நினைவுக்கு வந்தது.

நெஞ்சு எரிச்சல் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்து நீங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியது அந்த ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் "வாரேன், வாரேன்" என்று வாசலில் அரை மணி நேரம் நிற்பீர்கள்.

சரி, அழுகைக் கடிதம் எழுத நான் உட்காரவில்லை. எனக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நம் பல்கலைக்கழகத்தில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தது இரண்டு கட்டடமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும். தென்னந்தோப்புக்குள் இருந்ததால் தோப்புக் காலேஜ். "ஏப்பா, படிக்கற காலேஜா, தேங்கா போடற காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் உங்களைக் கிண்டல் செய்ததை அம்மா இன்றும் சொல்வாள். பிறகு தோப்பு சிறுத்தது, காலேஜ் பெருத்தது. வாசலில் வளைவு வந்தது, வளைவின் மேல் பெயர் வந்தது, அந்தப் பெயரும் இரண்டு தடவை மாறியது. டவுன் பஸ் கண்டக்டர் மட்டும் இன்றைக்கும் மாறவில்லை: "தோப்புக் காலேஜெல்லாம் முன்னால வாங்க!" கிண்டல் செய்த அதே சொந்தக்காரர்கள் பிற்பாடு சீட்டுக்காக உங்களிடம் வந்தார்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படிப்போடு நம் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் ஒரு கல்லூரிக்கு அதைவிடப் பெரிய தரச்சான்று ஏது?

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன அன்று லட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். நிகர்நிலை என்றால் என்ன என்று கேட்டேன்.

"பல்கலைக்கழகம் மாதிரியே, அம்மணி."

"மாதிரியேவா, அதுவேவா?"

"லட்டத் தின்னு."

அந்தப் பொங்கல் விடுமுறையில்தான் என்னையும் நிகர்நிலை மாணவி ஆக்கினீர்கள். சேர்க்கைப் பிரிவில் இருந்த உங்கள் தலையில் கையேட்டுப் படம் எடுக்கும் வேலை விழுந்தது. போட்டோக்காரர் வந்துவிட்டார், மாணவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்குப் போன் செய்தீர்கள். "அக்கா, புள்ளைய ரெண்டு மணி நேரம் அனுப்பி உடு. நல்லதா தலை சீவி அனுப்பு." நான் அப்போது பத்தாம் வகுப்பு. உயரம் மட்டும் கல்லூரிக்குப் போய்விட்டிருந்தது.

ஆய்வகம் என்று நீங்கள் காட்டியது, உடைந்த பெஞ்சு போட்டு வைக்கும் அறை. ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்திருந்தீர்கள், படத்தில் விழும் சுவருக்கு. மைக்ரோஸ்கோப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல். கோட்டு மெஸ் மாஸ்டருடையது. அதைப் போட்டதும் வெங்காயம் உரித்தவள் மாதிரி கண் கலங்கியது. பீக்கரில் இருந்தது சொட்டு நீலம், அது என் யோசனை. "எதையோ கண்டுபிடிச்ச மாதிரி பாரும்மா" என்றார் போட்டோக்காரர். நான் வேண்டுமென்றே மைக்ரோஸ்கோப்பின் கண் வைக்கும் இடத்தில் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றாமல் குனிந்து, பல் தெரியச் சிரித்தேன். பல்கலை என்றால் பல் காட்டும் கலைதானே மாமா? நீங்கள் மூடியைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மீசைக்குள் சிரித்துவிட்டு, "எடுங்க எடுங்க, வெளிச்சம் போகுது" என்றீர்கள்.

அந்தப் படம் கையேட்டின் ஏழாம் பக்கத்தோடு நின்றிருக்கலாம். அது நிற்கவில்லை. அவிநாசி சாலையில் மூன்று மாடி உயரத்துக்கு ஏறியது. பேருந்துகளின் முதுகில் ஏறி ஊர் ஊராகப் போனது. எத்தனை பேராசிரியர்கள் அதைத் தாண்டி தினமும் வேலைக்குப் போயிருப்பார்கள்! மூடி போட்ட மைக்ரோஸ்கோப்பில் ஒருத்தி உலகத்தையே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள், ஒருவர்கூடக் கேட்கவில்லை. இது எப்படி என்று நானும் நீங்களும் ஆராய்ச்சியே நடத்தினோம். "பேரு பெருசானா கண்ணு சிறுசாயிருமாட்டிருக்குது" என்றீர்கள். நான் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மே மாதம். சேர்க்கை நேரம். உங்கள் அறையில் ஏசி இருந்ததால் என் விடுமுறை முழுக்க அங்கேதான் கழிந்தது. நம் ஆட்கள் கல்லூரி பார்க்க வரும் அழகே தனி. பெண் பார்க்கப் போவது போல ஒரு வண்டி நிறைய வருவார்கள். வகுப்பறையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நேராக மெஸ்ஸுக்குப் போய் சாம்பார் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள். பருப்பு கரைந்திருந்தால் பாதி சேர்க்கை முடிந்தது.

அன்றைக்கு அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா தறி ஓட்டுகிறவர். கூட மனைவி, பெரியப்பா, நடுவில் ப்ளஸ் டூ முடித்த பெண். சாம்பார் பாஸாகிவிட்டது. அந்தப் பெண் என்னையே பார்த்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், ஆனால் கேட்டாள்:

"ஏனுங்க அக்கா, நீங்கதானுங்களே அந்த போட்டோவுல இருக்கறது?"

என் நாக்கில் சனி. "ஆமா. மைக்ரோபயாலஜி, ரெண்டாம் வருஷம்" என்றேன். நிறுத்தியிருக்கலாம். மெஸ் சாம்பாரில் ஒரு புதுக் கிருமியைக் கண்டுபிடித்திருப்பதாகவும், அதற்கு என் பெயரையே வைக்கப்போவதாகவும் அளந்தேன். நீங்கள் மேசைக்குப் பின்னால் சிரிப்பை அடக்கப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நமக்குள் அது வழக்கமான ஆட்டம்தானே, நான் வீசுவேன், நீங்கள் பிடிப்பீர்கள்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நம் கையேட்டை எடுத்தாள். ஏழாம் பக்கம் மடிந்து மடிந்து வெளுத்திருந்தது.

"இந்த மைக்ரோஸ்கோப்புல மூடி போட்டபடியே பாக்கறீங்களே, இது புது மாடலுங்களா? எங்க பள்ளிக்கூடத்துல இருக்கறதுல மூடியக் கழட்டித்தானுங்க பாக்கோணும்."

மாமா, அவள் பார்த்துவிட்டாள். ஊரே பார்க்காததை அவள் ஒருத்தி பார்த்துவிட்டாள். பார்த்தும், தப்பு நம்முடையது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், இவ்வளவு பெரிய தட்டி, இதில் எப்படித் தப்பு இருக்கும்? தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்தாள்.

அவள் அப்பா பெரியப்பாவிடம் திரும்பினார். "செரிங்கண்ணா, முடிவு பண்ணிப்போடலாம். மெட்ராஸ் கவர்மெண்ட் காலேஜ் சீட்டு போனாப் போவுது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சேரோணுமுன்னு அத்தன தூரம் எதுக்கு ஓடறது? இதே படிப்பு, இத்தன பெரிய லேப்பு, ஊட்டுப் பக்கத்துலயே இருக்குது."

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சேர்க்கைப் படிவம் உங்கள் முன்னால் இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது. பக்கத்து மேசையில் சேர்க்கைத் தலைவர் இருந்தார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

"சித்த இருங்க. இவ எங்கக்கா மகளுங்க. பத்தாவது பரிச்ச எழுதியிருக்கறா. அந்தப் படத்துல இருக்கற லேப்பு இன்னும் வர்லீங்க. எப்ப வருமுன்னு எனக்கே தெரியாதுங்க. நீங்க மெட்ராஸ் சீட்ட உட்றாதீங்க."

பெரியப்பா கோபத்தில் எழுந்தார். "ஏனப்பா, எங்களப் பாத்தா எப்புடித் தெரியுது?" அந்தப் பெண் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "அந்த ரூமையாவது பாக்கலாமுங்களா?"

கூட்டிப்போனீர்கள். நானும் பின்னால் வந்தேன். உடைந்த பெஞ்சுகள், ஒரே ஒரு வெள்ளைச் சுவர், பீக்கரின் அடியில் காய்ந்துபோன நீலம். அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கையேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். அன்று சாயங்கால ரயிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்களா? சேர்ந்திருக்க வேண்டும். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது எந்த ஊரில், எந்த மைக்ரோஸ்கோப்பில், எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ.

அடுத்த வாரம் உங்களைப் பேருந்துப் பிரிவுக்கு மாற்றினார்கள். "உன்ற வாயாலதான் உங்க மாமனுக்கு இந்தக் கதி" என்று அம்மா என்னைக் காய்ச்சினாள். நீங்கள் வழக்கம் போல லட்டோடு வந்தீர்கள். "அதே வேலதான் அம்மணி. மொதல்ல புள்ளைகளச் சேத்துனேன், இப்பக் கொண்டாந்து சேக்கறேன்." நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, சிரித்துவிட்டதால் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் அந்த அறையில் நிஜ ஆய்வகம் வந்தது. இப்போது நான் முதல் வருடம், அதே அறையில்தான் படிக்கிறேன். மூடியைக் கழற்றித்தான் பார்க்கிறேன். ஆனால் அந்த ஆய்வகம் எப்படி வந்தது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. தொலைநோக்கு என்றார் முதல் நாள் பேசிய டீன். ஆய்வக உதவியாளர் அக்காவைக் கேட்டால், "அதெல்லாம் இல்ல கண்ணு, இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருதுன்னு ராப்பகலா கட்டுனாங்க" என்கிறார். வாயில் காவலர் அண்ணன் சொல்வது வேறு: "உங்க மாமா சேர்மன் ஐயா காரயே மறிச்சுப்போட்டாருங்க. 'படத்துல இருக்கறத கட்டிப்போடுங்க, இல்லீன்னா படத்த எறக்கிப்போடுங்க'ன்னு சொன்னாருங்க."

நீங்களா? மாடு குறுக்கே வந்தாலே ஹாரன் அடிக்காமல் அது போகும்வரை காத்திருப்பவர் நீங்கள். நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஒரு பொய்ப்படம் முதலில் வந்து, அதற்குப் பின்னால் மூச்சிறைக்க உண்மை ஓடி வந்ததா? புகழ் என்பதே இப்படித்தான் வளர்கிறதா? அல்லது யாராவது ஒருவர் எழுந்து நின்று "இன்னும் வர்லீங்க" என்று சொன்னால்தான் அது ஓடத் தொடங்குமா?

இந்த மே மாதம் சேர்க்கைக் கூடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி. "உன் முகம்தான் எல்லாருக்கும் தெரியுமே" என்று அடையாள அட்டை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். இன்று மத்தியானம் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஓர் அம்மாவும் அப்பாவும் பெண்ணோடு வந்தார்கள். லேத் பட்டறை வைத்திருப்பவர்கள். தினமும் வந்துபோக முடியாத தூரம். அந்த அம்மா புதுக் கையேட்டில் பெண்கள் விடுதியைக் காட்டினார். கம்ப்யூட்டரில் வரைந்த ஐந்து மாடி, மேலே நாலு புறா.

"ஏனுங்க கண்ணு, இந்த ஹாஸ்டல் எந்தப் பக்கமுங்க? புள்ள இங்கதானே இருக்கப்போறா, ஒரு எட்டு பாத்துப்போட்டு ஃபாரம் எழுதறமுங்க."

இரண்டு நாற்காலி தள்ளித் துறைத்தலைவர். விடுமுறை ஆய்வுக்கு யாரை எடுப்பது என்று அடுத்த வாரம் முடிவு செய்யப்போகிறவர். என் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வாயில் நாலைந்து நக்கல் வந்தது, எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"அது இன்னும் கட்டலீங்க. குழி மட்டுந்தான் தோண்டியிருக்குதுங்க. இப்பத்திக்குப் பழைய பிளாக்குல ஒரு ரூமுக்கு நாலு பேருங்க. காலைல எட்டு மணிக்கு மேல தண்ணி வராதுங்க."

துறைத்தலைவர் திரும்பினார். அந்த அப்பா கையேட்டை மூடி, பெண்ணைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார். "பாக்கறமுங்க" என்றார். நம் ஊர் "பாக்கறமுங்க" உங்களுக்குத் தெரியாததா? சரி என்றும் அர்த்தம், இல்லை என்றும் அர்த்தம். எழுந்து போய்விட்டார்கள். பழைய பிளாக் பக்கம் போனார்களா, வண்டிப் பக்கம் போனார்களா என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

மேசைக்கடியில் என் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. முழங்காலுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டேன். வெளியே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதை எழுதும்போதும் முழுதாக நிற்கவில்லை.

அன்றைக்கு நான் உங்கள் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். உங்களுக்கும் நடுங்கியதா, மாமா?